ரொட்டி போடாத கோலா உருண்டை: முந்திரியா, மல்லாட்டையா, வாதாங்கொட்டையா, பலாக்கொட்டையா?

என் நாத்தனார் மகளுக்குக் கோதுமை ஆகாது என்று போன வருடம்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக அவளுக்கு ரத்தம் ஏறவே இல்லை, இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று வீட்டில் எல்லாரும் எதையாவது ஊட்டிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒரு வயிற்று மருத்துவர் ரத்தப் பரிசோதனை எடுத்து, அப்புறம் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, சிலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இவளுடைய உடம்பே இவளுடைய சிறுகுடலைத் தாக்கும். மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் வழி. "கொஞ்சூண்டு சாப்பிட்டா என்ன" என்ற பேச்சே இதில் செல்லாது, ஒரு துணுக்கு ரொட்டியே போதும் குடலைக் கெடுக்க.

சரி, நம் சாப்பாட்டில் பாதிக்கு மேல் அரிசியும் பருப்பும்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். மே மாத லீவுக்கு புதுச்சேரி வந்தவள் கேட்டது ஆயா கையால், அதாவது என் மாமியார் கையால், கோலா உருண்டை. சிக்கல் அங்கேதான். என் மாமியார் கோலாவில் ரொட்டி போடுவார். நேற்றைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து, கைமாவோடு பிசைவது இந்த வீட்டு வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் கறி உருண்டையைப் பூலெட் என்பார்கள், அவர்களும் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் சேர்ப்பார்கள். தெருவுக்குத் தெரு ரொட்டிக்கடை இருக்கிற ஊரில் அந்தப் பழக்கம் அடுப்படி வரைக்கும் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. (கோலா என்றதும் கடலூர்க்காரர்களுக்குக் கோலா மீன் ஞாபகம் வரும். அது வேறு, இங்கே பேசுவது ஆட்டுக்கறி உருண்டை.)

"ரொட்டி போடாம கோலாவா? கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார் மாமியார். பண்ருட்டி பக்கம் இருக்கிற என் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏன்டி, நம்ம வீட்டு கோலாவுல எவ ரொட்டி போட்டா? பொட்டுக்கடலைதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மா சொன்னது சரிதான். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலைதான், அதில் குளூட்டன் சுத்தமாக இல்லை. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் மாமியார் கேட்பது மெத்தென்ற கோலா, பொட்டுக்கடலை கோலா அப்படி இருக்காது, அது மொறுமொறுவென்று வேறு ஜாதி. அதோடு எங்கள் சமையல்கட்டில் அந்த மாதம் பொறுக்கி வந்த கொட்டைகள் நாலு வகை கிடந்தன: அம்மா வீட்டு முந்திரி, பலாக்கொட்டை, வயலில் பொறுக்கிய மல்லாட்டை (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை), பிள்ளைகள் கடற்கரைப் பக்கம் பொறுக்கி மாடியில் காயவைத்த வாதாங்கொட்டை (நாட்டு வாதுமை). எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று ஒரு கிலோ கைமா வாங்கி, 200 கிராமாக ஐந்து பங்கு போட்டேன். பங்குக்கு 40 கிராம் கொட்டை அல்லது மாவு, 3 கிராம் உப்பு. வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது தெரியாததால்தான் பலரும் கோலா உடைகிறது என்று மேலும் மேலும் மாவைக் கொட்டுகிறார்கள். கோலாவைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் கறியேதான். சில்லென்ற கைமாவில் உப்பைப் போட்டு ஐந்து நிமிடம் விடாமல் பிசைந்தால், கறியில் இருக்கும் ஒரு புரதம் உப்பில் கரைந்து பசையாக வெளியே வரும். கையில் ஒட்ட ஆரம்பிக்கும் பாருங்கள், அதுதான் அடையாளம். ரொட்டியின் வேலை ஒட்டவைப்பது அல்ல. வேகும்போது கறி சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும், அந்தச் சாற்றை ரொட்டியில் இருக்கும் மாவுச்சத்து குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும், கறி இழைகள் ஒன்றோடொன்று இறுகாமல் நடுவில் நிற்கும். ஆகவே ரொட்டிக்குப் பதில் என்ன என்று தேடும்போது ஒட்டுமா என்று கேட்பதை விட, சாற்றைக் குடிக்குமா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் கொட்டைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். எண்ணெய்க் கொட்டை ஒரு பக்கம், மாவுக் கொட்டை ஒரு பக்கம்.

இன்னொன்றும் உண்டு. கறிக்கடையில் கைமா போட்ட பிறகு வீட்டில் கழுவுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தண்ணீர் வடியவே வடியாது, அப்புறம் எந்த மாவும் காப்பாற்றாது. "பாய், கழுவிட்டு அப்புறம் கைமா போடுங்க" என்று சொன்னால் போதும், செய்துதருவார்.

பொட்டுக்கடலையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இது பொறுக்கியது இல்லை, கடையில் வாங்கியது, அளவுகோலுக்காகப் போட்டது. கொழுப்பு குறைவு, மாவுச்சத்து அதிகம், வறுத்தது, அதனால் ஈரத்தைச் சட்டென்று குடிக்கும். உருண்டை எண்ணெயில் ஒன்றுகூட உடையவில்லை, வெளியே நல்ல மொறுமொறுப்பு. ஆனால் உள்ளே கொஞ்சம் வறட்சி, ஆறினால் இன்னும் இறுகும். மாலை டீக்கு, சூடாக, கையோடு தின்ன வேண்டுமென்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது மில். பொட்டுக்கடலை மாவாக வாங்காதீர்கள், மில்லில் அரைத்தும் வராதீர்கள். அதே எந்திரத்தில் முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி ஒரு பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். மில் கல்லில் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு அந்த அளவை அலட்சியமாகத் தாண்டும். முழுசாக வாங்கி வீட்டு மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள்.

முந்திரிக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தில் பிறந்துவிட்டு முந்திரியைப் பற்றி இரண்டு வரியில் எழுத முடியாது. போர்த்துக்கீசியர் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த மரம், ஆனால் எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கென்றே பிறந்த மாதிரி நிற்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வி.ஆர்.ஐ. ரகங்கள் இங்கே தோப்பு தோப்பாக இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் அம்மா வீட்டைச் சுற்றி இருந்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்பு வழியாக அடுத்த ஊர்க் கோயில் தெரிந்ததை முதல் முறையாக அன்றுதான் பார்த்தேன். இப்போது நிற்பதெல்லாம் அதற்கப்புறம் வைத்த ஒட்டுக் கன்றுகள். 2025இல் பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, அன்று அம்மா போனில் பேசிய தோரணையைப் பார்த்தால் அவருக்கே கொடுத்த மாதிரி இருந்தது.

பங்குனி தொடங்கி வைகாசி வரைக்கும் கொட்டை விழும். தோப்பு யாருடையதோ அவரைக் கேட்டுக்கொண்டுதான் பொறுக்க வேண்டும், கீழே விழுந்ததுதானே என்று எடுத்தால் அதற்குப் பெயர் பொறுக்குவது இல்லை. எங்களுக்குச் சொந்த மரம் ஏழெட்டு. பொறுக்கிவிடலாம், உடைப்பதுதான் கஷ்டம். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும். மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம் என்று சொன்னால் புரியும். வாசலில் ஓட்டைச் சட்டியில் போட்டுச் சுடுவது பழைய முறை, அந்தப் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது, எண்ணெய் பீய்ச்சி அடித்துத் தீப்பிடிக்கும். சின்ன வயதில் நான் செய்திருக்கிறேன், இடது மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, அதனால் உங்களுக்கு அதைச் சொல்லித்தரப் போவதில்லை. பொறுக்கிய கொட்டையை ஊரில் உடைப்பவர்களிடம் கொடுத்துப் பருப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு வரும், கூலி போகக் கையில் நிற்பது குறைவுதான். பொறுக்கினால் இலவசம் என்ற கணக்கு முந்திரியில் செல்லாது.

கோலாவில் எப்படி இருந்தது? சுவையில் முதலிடம், கட்டுமானத்தில் கடைசிக்கு முந்தைய இடம். முந்திரியில் 100 கிராமுக்கு 45 கிராம் வரை கொழுப்பு, அது சாற்றைக் குடிப்பதற்குப் பதில் தானும் கொஞ்சம் எண்ணெயை விடும். பொடித்துப் போட்ட பங்கில் ஆறு உருண்டையில் இரண்டு எண்ணெயில் பிளந்தன. வெளியே வெகு சீக்கிரம் கருத்தது, முந்திரியின் இனிப்பு அப்படி. ஆனால் பிளக்காத நாலைத் தின்றவர்கள் யாரும் பேசவில்லை. கறியின் காரத்துக்கு நடுவே பால் மாதிரி ஒரு வழவழப்பு. அதனால் முந்திரியை மாவாக நினைக்காதீர்கள், கசகசா இடத்தில் வையுங்கள். உருண்டைக்குள் ஒன்றிரண்டாக உடைத்துக் கொஞ்சம், குழம்பில் அரைத்துக் கொஞ்சம். சித்திரையில் கிடைக்கிற பச்சை முந்திரிப் பருப்பு கையில் இருந்தால் அதைக் கோலாவில் வீணாக்காமல் தனியாகக் கறியோடு போட்டு வதக்குங்கள்.

மல்லாட்டை. வேர்க்கடலை என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் யாரோ வெளியூர்க்காரி எழுதியது என்று நினைப்பார்கள். மணிலாக்கொட்டை மருவி மல்லாட்டை. செடி பிடுங்கி முடித்த வயலில், கொத்தில் இருந்து அறுந்து மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களைக் கிளறிப் பொறுக்குவது சித்திரை மாதத்துப் பிள்ளைகளின் வேலை. அதில் கிடைத்த சுகம் கோலாவில் கிடைக்கவில்லை. கறி வாசனையை அமுக்கிவிட்டு, தின்பவர்கள் எல்லாம் "சட்னி போட்டியா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. முந்திரியை விடவும் எண்ணெய் அதிகம், உதிர்ந்து போனது. தவிர, மண்ணில் தங்கிய காய் என்பதால் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். பச்சையோ கறுப்போ படிந்த பருப்பு, சுருங்கியது, கசப்பது எல்லாவற்றையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு வறுத்தாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். மிச்சமிருந்த நல்லதை வறுத்துக் காரமாகத் துவையல் அரைத்தேன், கோலாவுக்குத் தொட்டுக்கொள்ள அருமை. உள்ளே வேண்டாம், பக்கத்தில் இருக்கட்டும்.

வாதாங்கொட்டைதான் எனக்கு மனசு ஆசைப்பட்டது. நாட்டு வாதுமை, பிள்ளைகள் பாதாம் மரம் என்பார்கள், இலை சிவந்து உதிருமே அதுதான். வைத்திக்குப்பம் பக்கமும் குருசுக்குப்பம் பக்கமும் நடந்தால் காலடியில் கிடக்கும். கடையில் விற்கும் பாதாமுக்கும் இதற்கும் உறவு கிடையாது, ஆனால் சுவையில் அண்ணன் தம்பி. சதையை வௌவால் கடித்திருக்கும், அப்படிப்பட்டதை எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். முழுசாக விழுந்ததை மட்டும் எடுத்துக் கழுவி, மாடியில் நன்றாகக் காயவைத்தார்கள். காய்ந்த பிறகு உடைத்தால்தான் பருப்பு நசுங்காமல் வரும். இரண்டு பிள்ளைகள், நாத்தனார் மகள், நான், நாலு பேரும் அம்மிக்குழவியும் சுத்தியலுமாக உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க உடைத்தோம். நூறு கொட்டைக்கு மேல் உடைத்துக் கிடைத்த பருப்பு ஒரு காபி டம்ளரில் பாதி. அதிலும் கால்வாசி உடைக்கும்போதே வாய்க்குள் போனது. 40 கிராம் என்று நான் வைத்திருந்த கணக்கை இந்த ஒன்றுக்கு மட்டும் எட்ட முடியவில்லை, 30 கிராமோடு நிறுத்தினேன்.

இதுவும் எண்ணெய்க் கொட்டைதான், பாதிக்கு மேல் கொழுப்பு. அரைத்துக் கைமாவில் கலந்தால் எங்கே போனது என்றே தெரியாது, உடைத்த மதியம் வீண். ஒரு பாதியை மட்டும் அப்படிக் கலந்து கெடுத்துவிட்டு, மீதியை ஒன்றிரண்டாகத் தட்டி உருண்டையின் மேலே புரட்டி, எண்ணெயில் முக்காமல் குழிப்பணியாரச் சட்டியில் திருப்பித் திருப்பி வேகவைத்தேன். அது சரியாக வந்தது. மேலே பொன்னிறமாகக் கொட்டை, உள்ளே கறி, கடிக்கும்போது இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தது. பிள்ளைகள் தாங்கள் உடைத்த பருப்பு எந்த உருண்டையில் இருக்கிறது என்று சண்டை போட்டார்கள். பத்துப் பேர் சாப்பாட்டுக்கு இது ஆகாது. நாலு பேருக்கு, லீவு நாளில், நேரம் போகவில்லை என்று பிள்ளைகள் உயிரை எடுக்கும்போது, இதை விட நல்ல வேலை கிடையாது.

பொறுக்குவது என்று இறங்கிவிட்டால் ஒரு எச்சரிக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை ஓரத்தில் புன்னைக்காயும் கிடக்கும், உருண்டையாக அழகாக இருக்கும், அது விளக்கெரிக்க எண்ணெய் எடுத்த கொட்டை, தின்பதற்கில்லை. வேலியில் இருக்கும் காட்டாமணக்கு விதை இனிப்பாகத்தான் இருக்கும், அதைத் தின்றுதான் வருடா வருடம் எங்காவது பள்ளிப் பிள்ளைகள் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பெயர் தெரியாத கொட்டை எதுவாக இருந்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது.

இப்போது பலாக்கொட்டை. யாரும் மதிக்காத சரக்கு, காடாம்புலியூர் பக்கம் ரோட்டோரம் சுளை வாங்கித் தின்கிறவர்கள் கொட்டையைத் துப்பிவிட்டுப் போவார்கள், கடைக்காரரிடம் கேட்டால் பையில் அள்ளிக் கொடுப்பார். இதில் கொழுப்பு சொல்லும்படி இல்லை, மாவுச்சத்துதான், அதாவது நான் தேடிக்கொண்டிருந்த ரொட்டியின் குணம் அப்படியே இதற்குள் இருந்தது. ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்றால், பலாக்கொட்டை என்றால் சாம்பார், பொரியல், இல்லாவிட்டால் அடுப்பில் சுட்டுத் தின்பது என்றே மனசு பழகிவிட்டது.

பச்சையாக அரைத்துப் போடக்கூடாது. பச்சைப் பலாக்கொட்டையில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால்தான் அது அடங்கும், வயிறும் பொருமாது. மேலே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்து, குக்கரில் உப்புப் போட்டு நாலு விசில், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் பழுப்புத் தோலை முடிந்த அளவு தேய்த்து எடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் மசிக்க வேண்டும். மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்தால் பசையாகிவிடும், மத்தாலோ கரண்டியாலோ மசித்தால் போதும், அங்கங்கே சின்னச் சின்னக் கட்டி இருந்தால் நல்லதுதான். வெந்த மாவுச்சத்து என்பதால் கறியோடு உடனே சேர்ந்துகொள்கிறது. ஆறு உருண்டையில் ஒன்றுகூடப் பிளக்கவில்லை, உள்ளே மெத்தென்று இருந்தது, மறுநாள் காலை ஆறிப்போனதைத் தின்றபோதும் மெத்தென்றே இருந்தது. பொட்டுக்கடலை கோலா தோற்றது இந்த மறுநாள் காலையில்தான். குறை என்று சொன்னால், சுவை கொஞ்சம் மந்தம், கிழங்கு மாதிரி ஒரு சப்பென்ற இனிப்பு, அதைத் தூக்கிவிட மசாலாவில் ஏதாவது செய்தாக வேண்டும்.

பனங்கிழங்கையும் யாராவது கேட்பீர்கள். அதுவும் மாவுதான், வேகவைத்துக் காயவைத்து இடித்தால் நன்றாகவே வரும். ஆனால் அது பொங்கல் காலத்துச் சரக்கு, நார் எடுப்பதும் பெரிய வேலை. தை மாதம் கோலா செய்கிறவர்கள் முயன்று பாருங்கள்.

அந்த மந்தத்தைப் போக்க என்ன மசாலா என்பதில்தான் வீட்டில் உண்மையான சண்டை வந்தது. சோம்பு, பட்டை, கசகசா, தேங்காய் என்று செட்டிநாட்டுப் பக்கம் போவதா, இல்லை தாளிப்பு வடகமா? நான் வடகம் கட்சி. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் நாள் கணக்கில் காயவைக்கும் எங்கள் பக்கத்து வடகம். இதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வடுவான் என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தங்கள் சமையலில் போடுகிறார்கள். வெயில், பலா, முந்திரி, வடகம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன. ஒரு உருண்டை வடகத்தை உதிர்த்து எண்ணெயில் சிவக்கப் பொரித்து, நொறுக்கிப் பலாக்கொட்டை மசியலில் போட்டதும் சமையல்கட்டு வாசனையே மாறிவிட்டது. சோம்பு மசாலாவோடு ஒரு ஈடு போட்டேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது எந்த ஊர்க் கோலாவாகவும் இருக்கலாம். வெந்தயத்தின் லேசான கசப்பும் கருகிய வெங்காயமும்தான் பலாக்கொட்டையின் சப்பென்ற இனிப்பைச் சரியாக வெட்டுகின்றன.

ஒரே ஒரு பொறி. கடை வடகமும் கடைப் பெருங்காயமும். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் மைதா கலந்திருப்பார்கள், டப்பாவின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். கோதுமை ஆகாதவர்கள் வீட்டில் ரசம், சாம்பார், ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் இது தெரியாமல் நுழைந்துவிடும். எங்கள் வீட்டில் இவள் வரும்போதெல்லாம் தனி ரொட்டி, தனித் தட்டு என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு ரசத்தில் அந்தப் பெருங்காயத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம், கண்டுபிடித்த அன்று மாமியார் என்னிடம் கோபித்துக்கொண்டார், நான் டப்பாவைக் கோபித்துக்கொண்டேன். வடகம் வீட்டில் போட்டதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் என்னென்ன சேர்த்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பூரி பொரித்த எண்ணெய், மைதா அரைத்த ஜார், சப்பாத்திக் கல் இவற்றிலும் கை வைக்க வேண்டாம். கோலாவுக்குப் புது எண்ணெய்.

விருந்துக்கு நான் கடைசியில் செய்த அளவு இது. கைமா அரைக் கிலோ, அதில் 8 கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியில் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைய. வேகவைத்து மசித்த பலாக்கொட்டை 100 கிராம், பதினைந்து கொட்டை போல வரும். ஒன்றிரண்டாக உடைத்த முந்திரி 20 கிராம். பொரித்து நொறுக்கிய வடகம் ஒரு கரண்டி, வதக்கி ஆறவைத்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி. முட்டை தேவையே இல்லை. முதலில் கறியும் உப்பும் மட்டும் சேர்த்து ஐந்து நிமிடம் பிசைந்து, ஒட்ட ஆரம்பித்ததும் மற்றதைச் சேர்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் கறி பிடிக்காது. நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, மிதமான சூட்டில் பொரித்தால் இருபதுக்கு மேல் வரும். நடுவில் பிட்டுப் பார்த்தால் சிவப்புத் தெரியக்கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் 71 டிகிரி வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். குழம்பில் போடுவதானால் முக்கால் பதம் பொரித்து, கொதித்து அடங்கிய குழம்பில் கடைசிப் பத்து நிமிடம் போடுங்கள். பலாக்கொட்டைக் கோலா குழம்பைக் குடித்து இன்னும் பெரிதாகும், வாதாங்கொட்டை புரட்டியதைக் குழம்பில் போட்டால் மேல் கொட்டை ஊறிப் பிரிந்து வந்துவிடும், அது தட்டுக்கு மட்டும்தான்.

அப்படியானால் யாருக்கு எது? அவசரம், மாலை நேரம், விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால் பொட்டுக்கடலை, வெட்கப்படவே வேண்டாம். குழம்புக்கும், வயதானவர்கள் பல்லுக்கும், மறுநாள் டிபன் பாக்ஸுக்கும் பலாக்கொட்டை. கொஞ்சம் பணம் செலவழிக்கத் தயார் என்றால் அதிலேயே முந்திரி, ஆனால் தனியாக முந்திரி மட்டும் போடாதீர்கள். வருகிறவர்களில் யாருக்காவது கொட்டை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முந்திரியையும் மல்லாட்டையையும் எடுக்க வேண்டும். கோதுமை ஆகாதவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரை மூச்சுத்திணற வைத்துவிடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகள் எண்ணாமல் தின்றாள், அவள் அம்மா எண்ணினாள், ஒன்பது. மாமியார் முதல் உருண்டையைப் பிட்டு, உள்ளே பார்த்து, முகர்ந்து, மென்று, ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ரொட்டி போட்ட மாதிரிதான் இருக்கு" என்றார். அவர் வாயில் இருந்து இதற்கு மேல் பாராட்டு வந்து நான் பார்த்ததில்லை. சாயந்திரம் பின்கட்டுக்குப் போனால், மீதி இருந்த பலாக்கொட்டையை எல்லாம் ஈரச் செம்மண்ணில் புரட்டி நிழலில் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார், அப்படி வைத்தால் ஆடி, ஆவணி வரைக்கும் கெடாதாம். "அவ அடுத்த லீவுக்கு எப்ப வரா?" என்று கேட்டார்.